40106, இரும்பு ஷட்டர், மைக் செட் கூம்பு: வியாசர்பாடி மாடியறையில் ஒரு லோ-ஃபை பங்க் கேசட்

8 பாட்டு, மொத்தம் 27 நிமிடம். ஒரு சி-60 கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது, கம்ப்யூட்டரில் அடுக்கிய தாளமும் கிடையாது. ஒரு 40106 ஐசி போடும் சதுர அலை, ஒரு டிரான்சிஸ்டரின் இரைச்சல், கடை ஷட்டரில் ஒட்டிய, அதிர்வைச் சிக்னலாக்கும் பீசோ தகடு, மைக் செட் கூம்பு வழியாக வரும் குரல், இவையெல்லாம் போய்ச் சேரும் இரண்டு கேசட் டெக். அவ்வளவுதான் கருவி. என்ன பார்ட், என்ன மதிப்பு, எது எங்கே கெடும், ஏன் கெடும் என்பதை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கரடுமுரடான சத்தம் வேண்டும் என்பதற்காக, வருகிற சத்தமெல்லாம் வரட்டும் என்று விட முடியாது. கேசட்டில் கேட்கும் ஒவ்வொரு இரைச்சலும் வேண்டும் என்று வைத்ததாக இருக்க வேண்டும். சுத்தமாகப் பதிந்துவிட்டு அப்புறம் சாஃப்ட்வேரில் அழுக்காக்குவதும் எங்களுக்கு ஒத்துவராது. அந்த அழுக்கு எல்லாச் சத்தத்தின் மீதும் ஒரே சீராகப் படிந்துவிடும். சர்க்யூட்டிலும் டேப்பிலும் கூம்பிலும் உண்டாகும் சிதைவு அப்படியில்லை. அடி பலமானால் அதிகமாகும், குரல் தணிந்தால் குறையும். பங்க் பாட்டுக்கு உயிர் அந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

மின்சாரம் முதலில்

பழைய வீட்டு ஒயரிங்கில் எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்பிக் கருவியைச் சொருகக் கூடாது. கீழே தண்ணி மோட்டார், பக்கத்தில் வெல்டிங் பட்டறை, எல்லாம் ஒரே பேஸில் ஓடும். மோட்டார் போடும் கணத்தில் ஒரு ‘டப்’ டேப்பில் ஏறிவிடும். மொபைல் சார்ஜர் போன்ற ஸ்விட்சிங் அடாப்டர் இதைவிடத் தொல்லை. அதன் உள் அலை நம்முடைய சதுர அலையோடு கலந்து மெல்லிய விசிலாகக் கேட்கும். இரண்டு பின் அடாப்டராக இருந்தால், மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே உள்ளே போட்டிருக்கும் சிறிய கப்பாசிட்டர் வழியாகக் கசிவு வரும். பாடும்போது மைக்கின் இரும்பு வலை உதட்டில் பட்டால் சுரீர் என்னும்.

அதனால் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், ரெகுலேட்டர் என்று பழைய வழியில் சப்ளை செய்தோம். இதில் எல்லோரும் எடுப்பது 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். கணக்கு போட்டால் அது ஏன் போதாது என்று தெரியும். 12ஐ 1.414ஆல் பெருக்கினால் 17, பிரிட்ஜில் 1.4 போக 15.6 வோல்ட். 7812 ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 14.5 வேண்டும். 230 வோல்ட் வரும்வரை சரி. கோடைச் சாயங்காலம் ஊரே ஏசி போட்டு லைன் 200க்கு இறங்கினால் உள்ளே 13.3தான் மிஞ்சும். ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், 100 ஹெர்ட்ஸ் உறுமல் அப்படியே வெளியே வரும். 15 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் எடுத்தால் 200 வோல்ட்டிலும் 17 கிடைக்கும். பிரிட்ஜுக்கு நாலு 1என்4007 டயோடு, ஃபில்டருக்கு 2200 மைக்ரோ ஃபாரட். அந்தக் கப்பாசிட்டர் 35 வோல்ட் ரகமாக இருக்கட்டும். லோடு இல்லாமல் லைனும் ஏறியிருக்கும் நேரத்தில் 25 வோல்ட் ரகம் எல்லையைத் தொட்டுவிடும். 7812க்கு ஒரு சின்ன ஹீட் சிங்க், உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு 104 (0.1 மைக்ரோ ஃபாரட்) டிஸ்க் கப்பாசிட்டர். 12 வோல்ட்டிலிருந்தே ஒரு 7809 போட்டு குரலைப் பெருக்கும் எல்எம் 386 ஐசிக்கு 9 வோல்ட் தனியாக எடுத்தோம். மெயின்ஸ் பக்கத்தில் 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ், மூடிய டப்பா இரண்டும் கட்டாயம். மெயின்ஸில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் 8 பென்சில் செல் வரிசையாகப் போட்டால் 12 வோல்ட். கூம்பு கத்தாத நேரத்தில் முழுக் கருவியும் 40 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும்; ஒரு செட் அல்கலைன் செல் ஆல்பம் முடியும்வரை தாங்கும்.

இவ்வளவு செய்தும் ஹம் வந்தால் முதலில் அது 50ஆ, 100ஆ என்று காதில் பிரித்துப் பாருங்கள். அடித்தொண்டையில் முனகுவது போன்ற 50 என்றால் வெளியிலிருந்து வருகிறது: ஷீல்டு இல்லாத ஒயர், இரண்டு இடத்தில் பட்ட எர்த், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். ரம்பம் மாதிரி அறுக்கும் 100 என்றால் கோளாறு சப்ளைக்குள்ளேயே. ஃபில்டர் கப்பாசிட்டரைப் பாருங்கள். முழுவதும் ஒழியாத ஹம்மை நாங்கள் சுருதியாக்கிக்கொண்டோம். ஆல்பம் முழுக்க ஓடும் அடி ட்ரோனை (விடாமல் ஒலிக்கும் ஒற்றைச் சுரம்) லைனோடு ஒப்பிட்டு 100 ஹெர்ட்ஸில் நிறுத்தியிருக்கிறோம். 50 ஹெர்ட்ஸ் என்பது 49 ஹெர்ட்ஸில் இருக்கும் ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் இருக்கும் ஹம் ட்ரோனின் கீழ் ஸ்தாயியாகக் கலந்துவிடுவதால் தனியாக உறுத்தாது.

40106: ஆறு குரல், ஒரே ஐசி

பார்ட் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். கேட்கும்போது 40106 என்று எண் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு 74எச்சி14 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பின் அமைப்பு ஒன்றேதான், ஆனால் அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 கொடுத்த நொடியில் போய்விடும்.

14ஆவது பின்னுக்கு 12 வோல்ட், 7ஆவது பின் கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் நடுவே ஐசியை ஒட்டியபடி ஒரு 104. உள்ளே ஆறு இன்வெர்ட்டர் (வருவதைத் தலைகீழாக்கித் தரும் பகுதி): 1 இன், 2 அவுட், 3, 4, 5, 6, அந்தப் பக்கம் 9 இன், 8 அவுட், 11, 10, 13, 12. ஒவ்வொன்றும் ஒரு ஆசிலேட்டராகும், அதாவது தானாக அலை எழுப்பும். அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒரு ரெசிஸ்டர், இன்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கப்பாசிட்டர், வேறு எதுவும் தேவையில்லை. சுருதி கிட்டத்தட்ட 1.2ஐ ரெசிஸ்டர், கப்பாசிட்டர் பெருக்கலால் வகுத்தால் வருவது. 100 கே (கிலோ ஓம்), 104 போட்டால் 120 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அந்த 1.2 கம்பெனிக்குக் கம்பெனி நன்றாகவே மாறும், ஆகவே கணக்கை நம்பிச் சுருதி சேர்க்காமல் காதை நம்புங்கள். 1 மெக் (மெகா ஓம்) பாட், அதாவது திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர், அதோடு சீரியலில் 4.7 கே வைத்தால் 12 ஹெர்ட்ஸ் தட்டலிலிருந்து 2500 ஹெர்ட்ஸ் கீச்சல் வரை ஒரே திருப்பலில் போகும். அந்த 4.7 கே இல்லாமல் பாட் குமிழை முழுக்கத் திருப்பினால் அவுட்டும் இன்னும் நேராக இணைந்து ஐசி வீணாகச் சூடாகும்.

பயன்படுத்தாத இன்புட்டைச் சும்மா தொங்கவிடக் கூடாது. 40106 போன்ற சிமாஸ் வகை ஐசியின் இன்புட் காற்றில் நின்றால் அறையில் இருக்கும் 50 ஹெர்ட்ஸை எடுத்து ஆடும், பக்கத்து ஆசிலேட்டரையும் இழுத்துவிடும். கிரவுண்டில் கட்டிவிடுங்கள்.

ஒரே ஐசியில் ஓடும் ஆசிலேட்டர்கள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். சுருதி நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலக்கினால் கொஞ்ச நேரம் தயங்கிப் பிரியும். இது சப்ளை ஒயர் வழியாக நடப்பது. சப்ளை பின்னில் இருக்கும் 104ஐ எடுத்துவிட்டு, 12 வோல்ட் லைனில் 100 ஓம் சீரியலில் போட்டால் இழுப்பு பலமாகும். மூன்றாவது பாட்டிலும் ஏழாவது பாட்டிலும் வரும் அந்தத் திக்கல் இப்படி வேண்டுமென்றே செய்தது. மற்ற பாட்டுகளில் 104 இடத்திலேயே இருக்கிறது.

12 வோல்ட் சதுர அலையை டெக்கின் லைன் இன்னில் நேரே கொடுத்தால் தாங்காது. ஆசிலேட்டருக்கு ஒரு 100 கே வீதம் போட்டு ஒரு பொது லைனில் சேர்த்து, அந்த லைனிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே. ஐந்து ஆசிலேட்டர் சேரும்போது ஒவ்வொன்றும் 0.8 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே 1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர், பிறகு 10 கே வால்யூம். ஆறாவது இன்வெர்ட்டரைப் பாட்டுக்குத் தராமல், தாளத்தை நடத்தும் தட்டலான கிளாக்குக்கு ஒதுக்கினோம்.

தாளம்

கிளாக்கில் 1 மைக்ரோ ஃபாரட், 500 கே பாட், சீரியலில் 22 கே. வேகப் பாட்டுகள் நிமிடத்துக்கு 168 அடி. ஒரு அடிக்கு இரண்டு ஸ்டெப் என்றால் கிளாக் 5.6 ஹெர்ட்ஸ் ஓட வேண்டும், அதாவது பாட் 200 கே பக்கம் நிற்கும். இந்தக் கிளாக் 4017இன் 14ஆவது பின்னுக்குப் போகிறது. தட்டலுக்கு ஒரு பின்னாக வரிசையாக இயக்கும் ஐசி அது. 16 சப்ளை, 8 கிரவுண்ட், 13ஐ கிரவுண்டில் கட்டணும். வரிசைப்படி வெளிவரும் பின்கள் 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. எட்டு ஸ்டெப்பில் திரும்ப வேண்டுமானால் 9ஆவது பின்னை 15ஆவது ரீசெட் பின்னில் சேர்க்க வேண்டும். ஆறு எண்ணிக்கை நடை வேண்டிய பாட்டுக்கு 5ஆவது பின்னைச் சேர்த்தால் போதும். இரண்டையும் ஒரு டாகிள் ஸ்விட்சில் வைத்தால் பாட்டு நடுவிலேயே நடையை மாற்றலாம். ஸ்டெப் தாண்டித் தாண்டிக் குதித்தால் முதல் சந்தேகம் 16ஆவது பின் பக்கத்தில் 104 இல்லாமல் இருப்பது.

ஆசிலேட்டரின் சுருதியை 4017 மாற்றுவதற்கு எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மதிப்பு குறையும் ரெசிஸ்டர்) வைத்தோம். ஒரு சிவப்பு எல்இடியும் எல்டிஆரும் முகத்துக்கு முகம் வைத்துக் கறுப்பு ஹீட் ஷ்ரிங்கில் மூடி, ஓரங்களைக் கறுப்பு டேப்பால் அடைக்க வேண்டும். வெளிச்சம் நுழைந்தால் டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு சுருதியில் ஏறிவிடும். எல்டிஆர், ஆசிலேட்டரின் ரெசிஸ்டர் இடத்தில் உட்காரும். ஒவ்வொரு ஸ்டெப் பின்னிலிருந்தும் ஒரு 1என்4148 டயோடு, 2.2 கே, 100 கே பாட். எல்லாம் சேர்ந்து அந்த எல்இடிக்கு. பாட் குறைந்தால் வெளிச்சம் கூடும், சுருதி ஏறும். எல்டிஆர் வெளிச்சத்துக்கு உடனே பதில் சொல்லும், இருட்டுக்கு மெதுவாகத்தான் திரும்பும். அதனால் சுருதி மேலே போகும்போது வெட்டியது போல் ஏறும், கீழே வரும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆல்பத்தின் முகமே அந்த வழுக்கல்தான். வேறு எந்த விலை உயர்ந்த முறையிலும் இதை நாங்கள் மாற்றிக்கொள்ள மாட்டோம்.

கிக் சத்தத்துக்கு டிஎல் 072இன் (இரண்டு ஆப்-ஆம்ப் உள்ள ஐசி) ஒரு பாதி. 1ஆவது பின்னிலிருந்து 2ஆவது பின்னுக்கு 1 மெக். அதே இரண்டு பின்களுக்கு நடுவே இரண்டு 104 பாலியஸ்டர் கப்பாசிட்டர்கள் சீரியலில். அவை சந்திக்கும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம். 3ஆவது பின்னுக்குப் பாதி சப்ளை: இரண்டு 10 கே, ஒரு 10 மைக்ரோ ஃபாரட். ஸ்டெப் பின்னிலிருந்து 103 (0.01 மைக்ரோ ஃபாரட்) கப்பாசிட்டரும் 100 கேவும் வழியாக அந்தச் சந்திப்பில் ஒரு தட்டு தட்டினால் 73 ஹெர்ட்ஸில் ‘தும்’ என்று ஒலித்துப் பத்தில் ஒரு நொடியில் அடங்கத் தொடங்கும். 470ஐ 1 கே ஆக்கினால் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 220 ஆக்கினால் 107க்கு ஏறும். பாலியஸ்டருக்குப் பதில் மலிவு டிஸ்க் போட்டால் அறை சூட்டோடு சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். ட்ரோன் நிலையாக நிற்கும் பாட்டில் அது காதைக் குத்தும்.

ஸ்னேருக்கு இரைச்சல் வேண்டும். ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸைக் கிரவுண்டில் கட்டி, எமிட்டருக்கு 12 வோல்ட்டிலிருந்து 47 கே வழியாகத் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்து, கலெக்டரை வெட்டிவிட வேண்டும். பேஸ்–எமிட்டர் சந்தி 8, 9 வோல்ட் பக்கம் உடைந்து இரையும். பழைய 9 வோல்ட் பேட்டரியில் இது வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான். அந்த இரைச்சலை 104 வழியாக இன்னொரு பிசி 547க்குக் கொடுத்து (கலெக்டருக்கு 10 கே, கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 மெக்) பெருக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் இரைச்சல் ரொம்ப வித்தியாசப்படும். பத்து வாங்கி, சாக்கெட்டில் ஒவ்வொன்றாகச் சொருகிக் கேட்டு, சீராக இரைவதை எடுங்கள். சிலது ‘பட் பட்’ என்று வெடிக்கும். அவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஐந்தாவது பாட்டின் பின்னால் கேட்பது அப்படி ஒன்றுதான்.

இரைச்சலை அடியாக்குவதற்கு மூன்றாவது பிசி 547. ஸ்டெப் பின் ஒரு 1என்4148 வழியாக 1 மைக்ரோ ஃபாரட்டைச் சார்ஜ் செய்யும். அந்தக் கப்பாசிட்டர்தான் 47 கே வழியாக இந்த டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குச் சப்ளை. சார்ஜ் வடிவதோடு சத்தமும் வடியும். 1 மைக்ரோவை 0.22 ஆக்கினால் ஹைஹேட்.

ஷட்டர்

27 மில்லிமீட்டர் பீசோ தகட்டை நேராக டெக்கின் லைன் இன்னில் சொருகிப் பார்த்துவிட்டு, ‘தகரச் சத்தம்தான் வருகிறது’ என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தப்பு தகட்டில் இல்லை. அந்த அளவுத் தகடு சுமார் 20 நானோ ஃபாரட் கப்பாசிட்டர். 10 கே இன்புட்டில் போட்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் தேய்ந்துவிடும். 1 மெக் இன்புட்டில் போட்டால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆகவே டிஎல் 072இன் மறுபாதியை, தகட்டின் மேல் சுமை ஏறாமல் சிக்னலைக் கடத்தும் பஃபராக்கினோம்: 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஆவது பின்னுக்குப் பாதி சப்ளையிலிருந்து 1 மெக், தகட்டிலிருந்து 10 கேவும் 103ம் வழியாகச் சிக்னல். 5ஆவது பின்னிலிருந்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் தலைகீழாக ஒவ்வொரு 1என்4148 போட வேண்டும். ஓங்கி அடித்தால் பீசோ பத்து இருபது வோல்ட்டைத் தாராளமாகத் துப்பும், டயோடு இல்லையென்றால் ஐசி தாங்காது.

ஷட்டரில் எங்கே ஒட்டுகிறோம் என்பதில் பாதி வேலை இருக்கிறது. நடுப்பட்டையில் ஒட்டினால் ஆழமான ‘டம்’. ஓரத்தில் கைடு பக்கம் ஒட்டினால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் கரகரப்பு. கீழ்ப்பட்டையில் ஒட்டிவிட்டு ஷட்டரை ஒரு சாண் தூக்கிப் போட்டால், நாலு தெருவுக்குக் கேட்கும் அந்தச் சத்தம் முழுசாகக் கிடைக்கும். முதலில் டபுள் சைடு டேப்பில் வைத்து இடம் தேடுங்கள், முடிவானதும் எம்-சீல். பித்தளைப் பக்கம்தான் தகட்டின் கிரவுண்ட். அது நேராக இரும்பில் பட்டால் அவ்வளவு பெரிய ஷட்டரும் ஆன்டெனாவாகி 50 ஹெர்ட்ஸை அள்ளிக் கொட்டும். நடுவே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் போதும், சத்தம் குறையாது. தகட்டின் ஒயர் ஷீல்டு ஒயராக, ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். வெள்ளைப் பகுதியில் ஈயம் வைக்கும்போது சால்டரிங் இரும்பை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும்.

பறையிலும் இதே தகட்டைப் பயன்படுத்தினோம், தோலில் ஒட்டாமல் மரச்சட்டத்தின் உட்பக்கம். தோலில் ஒட்டினால் அதன் எடைக்கே நாதம் செத்துவிடும். கடற்காற்றில் தோல் சீக்கிரம் தொய்யும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் காய்ச்ச வேண்டியிருக்கும். காய்ச்சியதும் சூட்டோடு தகட்டை ஒட்டாமல், சட்டம் ஆறியபின் ஒட்டினால் பசை நிற்கும். காசிமேட்டில் ஐஸ் பார் உடைக்கும் மிஷின் சத்தம் மட்டும் மொபைலில் எடுத்தது. மைக் ஓட்டை மேல் ஸ்பான்ஜ் வைக்காமல் அங்கே எதுவும் பதிய முடியாது, காற்றுதான் விழும்.

டெக்

நல்ல நிலையில் இருக்கும் கேசட் டெக் இன்றைக்குத் தானாகக் கையில் வந்து விழாது. பர்மா பஜாரிலும் மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் தேடி எடுத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். ஓடாத டெக்கில் பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும். பழைய ரப்பர் கறுப்புத் தாராக உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணி நனைத்து முழுக்கத் துடைக்காமல் புது பெல்ட் போட்டால் ஒரு வாரத்தில் வழுக்கும். ஹெட், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பி, அதை அழுத்தும் பிஞ்ச் ரோலர் மூன்றையும் துடையுங்கள். ரோலர் கண்ணாடி போல் பளபளத்தால் பிடிப்பு போய்விட்டது என்று பொருள், மாற்றியாக வேண்டும்.

வேகத்தை மோட்டாரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருப்பலாம். அதே டெக்கில் பதிந்த டோனை அதே டெக்கில் போட்டுச் சரிபார்த்தால் வேகம் எப்போதும் சரியாகத்தான் காட்டும். கடையில் விற்ற பழைய பாட்டுக் கேசட் ஒன்றை ஓட்டி, அதே பாட்டை மொபைலில் வைத்து ஒப்பிட்டு நிறுத்துங்கள். 1 சதவீதம் பிசகினால் சுருதியில் 17 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம். குரலில் அது கேட்டுவிடும்.

அசிமத், அதாவது ஹெட் நாடாவுக்கு நிற்கும் கோணம், அதைவிட முக்கியம். ஹெட்டின் இரண்டு ஸ்க்ரூவில் ஸ்ப்ரிங் உள்ள பக்கம்தான் அசிமத். முதல் டெக்கில் பதிந்த இரைச்சலை இரண்டாவது டெக்கில் ஓட்டி, இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். எங்கே இரைச்சல் அதிகபட்சம் பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்தி, நெயில் பாலிஷ் ஒரு துளி வைத்துவிடுங்கள். இரண்டு டெக்கும் ஒத்துப்போகாமல் காப்பி எடுத்தால் ஒவ்வொரு காப்பியிலும் மேல் சத்தம் அழிந்துகொண்டே போகும். டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பியை இரண்டிலும் ஆஃப் செய்துவிட வேண்டும்.

டேப் சாதாரண டைப் 1, சி-60. சி-90 நாடா மெல்லியது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பத் திரும்பப் பதியும் வேலைக்கு அது தாங்காது, மடங்கும், ரோலரில் சுற்றும். பழைய பாட்டுக் கேசட்டின் மேலே உடைந்த ஓட்டையைச் செல்லோ டேப்பால் மூடினால் அதிலும் பதியலாம். வெள்ளைப் பூசணம் தெரிகிற கேசட்டை டெக்கில் விடவே விடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

அடுக்கும் வரிசை

நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் 1979இலேயே வந்துவிட்டது, டீயாக் 144. அது கிடைக்காவிட்டாலும் ஒன்றும் முழுகிப்போகவில்லை. முதல் டெக்கில் பதிந்ததை ஓட்டியபடி அதோடு புதிதாக வாசிப்பதையும் கலந்து இரண்டாவது டெக்கில் பதிவது. பிறகு அங்கிருந்து மறுபடி முதல் டெக்குக்கு. இரண்டு டெக்கில் இரண்டு டிராக்கைத் தனித்தனியாக ஓட்டி ஒத்திசைக்கப் பார்க்காதீர்கள். வேகம் அரை சதவீதம் விலகினாலே மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் 0.9 நொடி தள்ளிப்போகும்.

இப்படி டெக்குக்கு டெக் தாவும் ஒவ்வொரு முறையும் ஹிஸ் (டேப்பின் சொந்த இரைச்சல்) ஏறும்: இரண்டாம் தலைமுறையில் 3 டெசிபல், மூன்றாவதில் கிட்டத்தட்ட 5. மேல் சத்தமும் தேயும். எனவே என்ன முதலில், என்ன கடைசியில் என்பது ருசி சார்ந்ததல்ல. தேய்ந்தாலும் கெடாதது முதலில் போக வேண்டும்: ட்ரோனும் கிக்கும் முதல் தலைமுறை. வழுக்கும் ஆசிலேட்டர், பறை, ஷட்டர் இரண்டாவது. ஸ்னேர் இரைச்சலும் குரலும் மூன்றாவது, அதற்கு மேல் தாவக் கூடாது. ஸ்னேர் கடைசியில் வருவதால் கிளாக்கும் கூடவே ஓட வேண்டும் என்ற சிக்கல் வரும். அதற்கு முதல் தலைமுறையிலேயே வலது சேனலில் கிளாக்கின் தட்டலை மட்டும் பதிந்துவைத்து, திரும்ப வரும் அந்தத் தட்டலை ஒரு பிசி 547 வழியாக நிமிர்த்தி 4017க்குக் கொடுத்தோம். அந்தச் சேனல் மிக்ஸில் சேராது. தாவும்போது வலதிலிருந்து வலதுக்குத் தனியாகப் போகும். அதனால் பாட்டு முழுக்க மோனோதான், இந்த இசைக்கு அதில் நஷ்டம் எதுவுமில்லை.

லெவலில் ஒரு நுணுக்கம். கிக்கை மீட்டரில் +3, +5 வரை தள்ளலாம், டேப் அதை உருட்டித் தடிமனாக்கும். அதே அளவுக்குக் கீச்சும் ஆசிலேட்டரைத் தள்ளினால் முனை மழுங்கிவிடும். பதியும்போது டெக் மேல் அதிர்வெண்களைத் தூக்கித்தான் டேப்பில் வைக்கிறது. ஆகவே டேப் முதலில் நிரம்புவது அங்கேதான். சதுர அலையின் கூர்மை வேண்டுமானால் -5ஐத் தாண்டக் கூடாது.

குரல்

வடசென்னையில் மைக் செட்காரரிடம் கூம்பு வாடகைக்குக் கிடைக்கும். 16 ஓம் யூனிட்டா என்று பார்த்து எடுங்கள். லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது இந்த வேலைக்கு ஆகாது. பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை, எல்எம் 386 கொடுக்கும் அரை வாட்டுக்குள் ஒரு மாடிப்படியையே நிரப்பிவிடும். டைனமிக் மைக் 3ஆவது பின்னுக்கு, 2 கிரவுண்டுக்கு, 4 கிரவுண்ட், 6க்கு 9 வோல்ட், 1க்கும் 8க்கும் நடுவே 10 மைக்ரோ ஃபாரட். அந்த 10 மைக்ரோ போட்டால் பெருக்கம் 20லிருந்து 200 ஆகும்; மைக்கை உதட்டோடு வைத்துக் கத்தினால் ஐசி விளிம்பில் நறுக்கென்று வெட்டும். 5ஆவது பின்னில் வழக்கமாகப் போடும் 220 மைக்ரோவுக்குப் பதில் 33 மைக்ரோ போடுங்கள். 16 ஓமோடு சேர்ந்து அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுத்துவிடும். கூம்பு யூனிட்டின் மெல்லிய டயஃப்ரம் அடிச்சத்தத்தில்தான் கிழியும். இந்த ஒரு கப்பாசிட்டர் அதைக் காப்பாற்றும். 5லிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 473 (0.047 மைக்ரோ ஃபாரட்) கப்பாசிட்டரும் சீரியலில் வைக்க மறந்தால் ஐசி காதுக்குக் கேட்காத உயரத்தில் ஆடி, குரலைக் கரகரவென்று கெடுக்கும். அது நமக்கு வேண்டிய கரகரப்பு இல்லை.

பாடுபவர் அறைக்குள், கூம்பு மாடிப்படியில், பதியும் மைக் கூம்பின் வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் சற்றுப் பக்கவாட்டில். நடுவே கதவு சாத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊளைதான்.

வரி எழுதும்போதே இந்த வழியை மனதில் வைக்க வேண்டும். கூம்புக்கும் மூன்றாம் தலைமுறை டேப்புக்கும் அப்பால் ச, ஸ இரண்டும் மங்கிவிடும். ல, ள, ழ வித்தியாசம் காணாமல் போகும். பிழைத்து நிற்பவை க்க, ட்ட, ப்ப, ற்ற. ‘வீதியில் விழுந்த வெயில்’ என்று எழுதினால் ஒரு முனகல்தான் கேட்கும்; ‘கட்டடத்துல ஒட்டடை, பட்டறைல கட்டிட்டான்’ என்றால் ஒவ்வொரு அசையும் ஆணி போல் இறங்கும். கானா பாடுபவர்கள் மேசையைத் தட்டிக்கொண்டே வல்லினத்தைத் தாளத்தில் உட்கார வைப்பதைக் கூர்ந்து கேட்டால் இதற்கான பாடம் முழுக்க அங்கே இருக்கிறது.

மாற்றமும் காப்பியும்

முடிந்த டேப்பை டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வழியாக ஆடாசிட்டியில் 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸில் எடுத்தோம். இடது சேனலை மட்டும் வைத்துக்கொண்டு, உச்சம் -3 டெசிபலில் நிற்கும்படி லெவல் வைத்தோம். நாய்ஸ் ரிடக்ஷன் கிட்டவே போகக் கூடாது. ஹிஸ்ஸை அது துடைக்கும்போது ஸ்னேரின் வாலையும் சேர்த்துத் துடைத்துவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே முழு மௌனம் வைக்காதீர்கள். ஹிஸ் சட்டென்று நின்று மறுபடி தொடங்கினால்தான் அது காதில் விழும். காலி டேப்பின் ஹிஸ்ஸைத் தனியாகப் பதிந்து இடைவெளிகளில் ஓடவிட்டோம்.

போர்டுகளைப் பொறுத்தவரை, காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் ஈயப் பற்றுகள் சில மாதத்தில் பச்சை பூக்கும். ஃப்ளக்ஸை ஆல்கஹாலில் கழுவி, காய்ந்ததும் தெளிவான நெயில் பாலிஷ் பூசிவிட்டால் தாங்கும். சாக்கெட், பாட் இவற்றில் மட்டும் அது படக் கூடாது. அவற்றுக்குக் கான்டாக்ட் கிளீனர்.

காப்பி எடுப்பது நிஜ வேகத்தில் மட்டும். ஹை ஸ்பீட் டப்பிங் மேல் சத்தத்தைத் தின்னும். உறை அட்டைக்கு உயரம் 101.6 மில்லிமீட்டர், முகப்பு 65, முதுகு 12.7, உள்மடிப்பு 16. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸே எடுப்பாக இருக்கிறது. கேசட்டுகளைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அட்டையின் உட்பக்கம் இரண்டு வரி அச்சிட்டிருக்கிறோம்: டால்பியை ஆஃப் செய்யவும், முதல் தடவை போடுவதற்கு முன் கேசட்டை முழுக்க ஒருமுறை முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றவும், தளர்ந்த நாடா அப்போதுதான் சீராக இறுகும்.